காலையில் நாலு செல்ஃப் வாங்குகிறது, பம்ப் போய்விட்டதா?

2024 நவம்பர் 12, வாசகர் கேள்வி

காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். அப்பா வைத்திருந்த 1989 அம்பாசடர், 1.5 டீசல். ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் எடுத்தால் மூன்று நான்கு செல்ஃப் வாங்குகிறது. அப்புறம் வெள்ளையாகப் புகைவிட்டுப் பிடிக்கிறது. ஒரு தடவை பிடித்துவிட்டால் நாள் முழுக்கத் தொட்டால் ஸ்டார்ட். பேட்டரி போன மாதம்தான் மாற்றினேன். மூன்று மெக்கானிக்கிடம் காட்டினேன். மூன்று பேரும் "பம்ப் போச்சு, இறக்கணும்" என்கிறார்கள். இறக்கிவிடலாமா அண்ணா?

நவம்பர் 12, இரவு 10.40

இறக்காதீர்கள் தம்பி. இந்த வாரமாவது இறக்காதீர்கள்.

என்னிடம் இருப்பதும் அதே வண்டி. ஊர் பொள்ளாச்சி. 2022இல் எனக்கும் இதே கதை நடந்தது. ஒரு பம்ப் கடைக்காரர் சொன்னதைக் கேட்டுப் டீசலை அழுத்தி அனுப்புகிற பம்பையும், அதைச் சிலிண்டருக்குள் பீய்ச்சுகிற நாலு நாசிலையும் இறக்கிக் கொடுத்தேன். பதினான்காயிரம் ரூபாய். மாட்டிய மறுநாள் காலை அதே நாலு செல்ஃப். அந்தக் காலையை இன்னும் மறக்கவில்லை. கடைசியில் சேஸிஸ் பைப்புக்கும், டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சித் தருகிற சின்ன ஃபீட் பம்புக்கும் நடுவில் இருந்த ஒரு முழ ஹோஸை மாற்றினேன், சரியாகிவிட்டது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நாள் முழுக்க ஒரே செல்ஃபில் பிடிக்கிற வண்டிக்குப் பம்பைச் சந்தேகிப்பது கடைசி வேலை. உள்ளே தேய்ந்துபோன பம்ப் பெரும்பாலும் சூடான பிறகுதான் தகராறு செய்யும். டீசல் சூட்டில் நீர்த்துவிடுவதால், தேய்ந்த இடுக்கு வழியாகக் கசிந்து அழுத்தம் ஏறாது. உங்களுடையது குளிர்ந்த பிறகு, அதுவும் ராத்திரி முழுக்க நின்ற பிறகு. ராத்திரியில் என்னவோ நடக்கிறது.

ஒன்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். பிடிக்காத அந்த முதல் இரண்டு மூன்று செல்ஃபில் சைலன்ஸரில் புகை வருகிறதா, இல்லையா? யாரையாவது பின்னால் நிற்க வையுங்கள்.

நவம்பர் 13, காலை 9.15

புகை துளிகூட இல்லை, கடைசி செல்ஃபில்தான் வெள்ளையாக வந்தது என்று தம்பி எழுதியிருக்கிறார். அவர் மனைவி பின்னால் நின்று பார்த்தாராம். நல்லது. இதைவிடத் தெளிவான பதில் கிடைக்காது.

முதல் செல்ஃபிலிருந்தே வெள்ளைப் புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, ஆனால் பற்றவில்லை என்று அர்த்தம். அப்போது சிலிண்டரை முன்கூட்டிச் சூடாக்குகிற ஹீட்டர் பிளக்கைப் பார்க்க வேண்டும், அப்புறம் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டர் காற்றை அழுத்துகிற பலம். புகையே இல்லை என்றால் டீசலே போய்ச் சேரவில்லை. லைனில் டீசல் இருக்க வேண்டிய இடத்தில் காற்று இருக்கிறது. நாலு செல்ஃப் அடித்தபோது ஃபீட் பம்ப் அந்தக் காற்றைத் தள்ளி முடித்தது, அவ்வளவுதான்.

காற்று எப்படிப் போகிறது? கிணற்று மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். சக்‌ஷன் பைப்பில் ஜாயின்ட் லூஸாக இருந்தால் தண்ணீர் ஒழுகாது, மோட்டார் ஏர் வாங்கும். இளநீர்க் கடையில் ஓட்டை விழுந்த ஸ்ட்ராவைக் கொடுத்தால் இழுக்க இழுக்கக் காற்றுதான் வரும், ஓட்டையிலிருந்து இளநீர் சொட்டாது. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரைக்கும் டீசல் உறிஞ்சித்தான் வருகிறது. அந்தப் பாதையில் எங்கே ஓட்டை இருந்தாலும் வெளியே ஒரு சொட்டு ஈரம் தெரியாது. "லீக்கே இல்லையே சார்" என்று மெக்கானிக் படுத்து எழுந்து சொல்வது பொய் இல்லை. அவர் ஈரத்தைத் தேடுகிறார், அங்கே ஈரம் இருக்காது.

இன்ஜின் ஓடும்போது கொஞ்சம் காற்று கலந்தாலும் டீசலோடு சேர்ந்து போய்விடும். நிறுத்தியதும் அந்த ஓட்டை வழியாகக் காற்று நுழைய, பைப்பில் நின்ற டீசல் மெதுவாகத் தன் எடையில் டேங்குக்கே இறங்கிவிடும். அதற்கு ராத்திரி முழுக்க நேரம் இருக்கிறது.

நவம்பர் 13, மதியம்

எழுத விட்டுப்போனது. ஸ்பேனர் எடுக்கும் முன் காசு செலவில்லாத இரண்டு சோதனை. இன்ஜினை நிறுத்த இழுக்கிற ஸ்டாப் ஒயரை உள்ளே தள்ளியதும் பம்பில் அது இழுக்கிற லீவர் முழுசாகத் திரும்புகிறதா என்று பானெட்டைத் திறந்து பாருங்கள். ஒயர் இறுகிப் பாதியில் நின்றால் பம்ப் டீசலைக் குறைத்தே கொடுக்கும். இன்னொன்று, டிப் ஸ்டிக். ஆயில் அளவு ஏறியிருந்தால், முகர்ந்தால் டீசல் வாசனை வந்தால், ஃபீட் பம்பின் டயாஃப்ரம் (உள்ளே இருக்கிற சவ்வு) கிழிந்து டீசல் இன்ஜினுக்குள் இறங்குகிறது. அப்படியானால் வண்டியை ஓட்டவே கூடாது. நீர்த்த ஆயிலில் பேரிங் போய்விடும்.

செல்ஃபையும் ஒரே மூச்சில் அடிக்காதீர்கள். பத்து செகண்ட், அப்புறம் ஒரு நிமிஷம் ஓய்வு.

நவம்பர் 14

ஹீட்டர் பிளக்கை எப்படிச் சோதிப்பது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சுலபம்தான். கழற்றி, உடலை பேட்டரி நெகட்டிவிலும் தலையை பாசிட்டிவிலும் வைத்தால் சில செகண்டில் முனை சிவக்க வேண்டும். சிவக்காதது போன பிளக். வெறுங்கையால் பிடிக்காதீர்கள்.

நவம்பர் 15, காலை 6.30

நேற்று எழுதியதைத் திருத்துகிறேன். யாராவது செய்து பார்ப்பதற்குள் படியுங்கள்.

பென்சில் மாதிரி மூடிய முனை உள்ள, தனித்தனியாக 12 வோல்ட் வாங்குகிற பிளக்குக்குத்தான் நேற்றுச் சொன்னது பொருந்தும். மிகப் பழைய டீசல் இன்ஜின்களில் கம்பிச் சுருள் வெளியே தெரிகிற பிளக் இருக்கும். அவை நாலும் ஒரே வரிசையில், மாலை கோத்ததுபோல் இணைந்திருக்கும். ஒவ்வொன்றும் சுமார் 1.7 வோல்ட் பிளக். அதற்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்தால் கண் முன்னாலேயே எரிந்துபோகும். வரிசைப் பிளக்கில் ஒன்று போனாலும் நாலும் வேலை செய்யாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலில் எந்த ரகம் என்று பார்த்துவிட்டு மற்றதெல்லாம்.

எழுதிவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை.

நவம்பர் 17

இன்று ஞாயிறு, தம்பி வீட்டில் இருப்பார். பாட்டில் சோதனையைச் செய்யச் சொல்லியிருக்கிறேன். மற்றவர்களுக்கும் எழுதி வைக்கிறேன். பம்ப்பை இறக்கச் சொல்கிற யாரிடமும் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்.

இரண்டு லிட்டர் கேன், அடியில் ஒரு ஹோஸ். கேனில் சுத்தமான டீசல். அதை பானெட் கொக்கியில், இன்ஜினைவிட உயரமாகக் கட்டித் தொங்கவிடுங்கள். டேங்கிலிருந்து வருகிற லைனை ஃபீட் பம்பில் கழற்றி அடைத்துவிட்டு, கேனின் ஹோஸை அங்கே மாட்டுங்கள். ஏர் எடுத்து (லைனில் புகுந்த காற்றை வெளியேற்றி), ஸ்டார்ட் பண்ணி, ஐந்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துங்கள். அப்படியே ராத்திரி முழுக்க இருக்கட்டும். காலையில் ஒரே செல்ஃபில் பிடித்தால் பம்ப்பும் நாசிலும் நல்லவை. அந்த ஒரு காலையே பதினான்காயிரத்தைக் காப்பாற்றும்.

ஃபீட் பம்பின் கை லீவரை அடிக்கும்போது அது தொளதொளவென்று ஆடினால் பம்ப் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். உள்ளே அதை இயக்குகிற கேம் (மேடுள்ள சக்கரம்) மேட்டில் நிற்கிறது. இன்ஜினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அடித்தால் இறுக்கம் வரும்.

நவம்பர் 18

தம்பியின் பதில்: ஒரே செல்ஃப். அதுவும் பாதிச் செல்ஃப் என்கிறார். ஆனால் ஃபீட் பம்புக்கு அடுத்து வருகிற டீசல் ஃபில்டரின் தலையைச் சுற்றி ஈரம், கீழே தரையில் உள்ளங்கை அளவு கறை. "முன்னாடி இப்படி ஒழுகினதே இல்லையே அண்ணா, கேனை மாட்டி ஏதாவது கெடுத்துவிட்டேனா?"

கெடுக்கவில்லை, கண்டுபிடித்துவிட்டீர்கள்! கேன் மேலே தொங்குவதால் ராத்திரி முழுக்க லைனில் மேலிருந்து அழுத்தம். வழக்கமாகக் காற்று உள்ளே நுழைகிற அதே இடுக்கு வழியாக நேற்று டீசல் வெளியே வந்திருக்கிறது. ஃபில்டரைத் திறந்து சீல் ரிங்கைப் பாருங்கள். அது ஃபீட் பம்ப் டீசலைத் தள்ளுகிற பக்கம் என்பதால், வண்டி ஓடும்போது அங்கே லேசாகக் கசிந்துகொண்டுதான் இருந்திருக்கும். ஃபில்டர் தலையில் எப்போதும் பிசுக்கும் தூசியும் அப்பிக் கிடந்ததா?

நவம்பர் 20

கிடந்ததாம். "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன்" என்கிறார். படம் அனுப்பியிருக்கிறார். பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

ஃபில்டர் தலையில் ரிங் உட்காரும் பள்ளத்தில் இரண்டு ரிங். மேலே புதுசு, கறுப்பாக, விரலில் அழுத்தினால் அமுங்குகிறது. அடியில் பழையது, பழுப்பாக, நகத்தால் சுரண்டினால் பிளாஸ்டிக் மாதிரி சில்லு சில்லாக உடைகிறது. யாரோ ஒருவர் ஃபில்டர் எலிமென்ட்டை (உள்ளே இருக்கிற வடிகட்டியை) மாற்றும்போது பழைய ரிங்கை எடுக்காமல் அதன் மேலேயே புதுசை வைத்து இறுக்கியிருக்கிறார். பள்ளத்தின் நிறமும் பழைய ரிங்கின் நிறமும் ஒன்றாகிவிட்டதால் கண்ணுக்கே தெரியாது. குச்சியால் சுற்றிக் குத்திப் பார்த்தால்தான் தெரியும்.

ஒரு சின்ன ரிங்.

நவம்பர் 24

சரியாகிவிட்டது. நாலு காலை தொடர்ந்து ஒரே செல்ஃபில் பிடித்திருக்கிறது. எதிர்வீட்டு அக்கா இவர் செல்ஃப் சத்தத்தைக் கேட்டுத்தான் ஐந்தரை மணிக்கு எழுந்திருப்பாராம், இந்த வாரம் பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்ப லேட்டாகிவிட்டது என்று வந்து சொன்னாராம். படித்துவிட்டு வீட்டில் எல்லோருக்கும் சொன்னேன்.

ஃபில்டர் திறந்த பிறகு ஏர் எடுக்கும் வரிசையைக் கேட்கிறார்கள். ரோட்டரி டிபிஏ பம்ப்புக்கு (சுழலும் ரக டீசல் பம்ப்): முதலில் ஃபில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்குரூ. கை லீவரை அடித்து, நுரையில்லாத டீசல் வந்ததும் மூடுங்கள். அப்புறம் பம்பின் பக்கவாட்டில் இருப்பது, அதற்கப்புறம் மேலே கவர்னர் (வேகத்தைக் கட்டுப்படுத்துவது) மூடியில் இருப்பது. எப்போதும் டேங்குக்குப் பக்கத்திலிருந்து இன்ஜினை நோக்கி. அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால் இரண்டு நாசிலில் மட்டும் பைப் நட்டை ஒரு சுற்று லூஸ் பண்ணி, செல்ஃப் அடித்து, டீசல் துப்பியதும் இறுக்குங்கள்.

காப்பர் வாஷர் புதுசு கிடைக்கவில்லை என்றால் பழையதை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள், மிருதுவாகிவிடும். எஃகுதான் அப்படிச் செய்தால் இறுகும், செம்பு இளகும். அலுமினிய வாஷரை அடுப்பில் வைக்காதீர்கள், உருகிவிடும்.

நவம்பர் 25

பைப் நட்டை லூஸ் பண்ணும் இடத்தில் ஒன்று சேர்க்க வேண்டும். அங்கே விரலை வைத்துப் பார்க்காதீர்கள். நாசில் லைனில் வருகிற அழுத்தம் தோலைத் துளைத்து டீசலை உள்ளே ஏற்றிவிடும். வெளியே ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. அப்படி ஆனால் மஞ்சள் வைத்துக்கொண்டு வீட்டில் உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், டீசல் ஏறியது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு, துணியைச் சுற்றிவிட்டு வேலை பாருங்கள்.

ஈதர் ஸ்ப்ரே அடிக்கலாமா என்று கேட்ட நண்பருக்கு: ஹீட்டர் பிளக் உள்ள வண்டிக்கு வேண்டவே வேண்டாம். சிவந்த பிளக்கில் பட்டு முன்னாலேயே வெடிக்கும். பிஸ்டன் ரிங் உடையும், பிஸ்டனும் உடையும்.

டிசம்பர் 2

பெட்ரோல் வண்டிக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார், கார்புரேட்டர் கார், நாலு நாள் நின்றால் ஸ்டார்ட் ஆவதில்லை என்று. அது வேறு கதை. கார்புரேட்டர் கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் ஆவியாகிப் போயிருக்கும். மறுபடி நிரம்பும் வரை செல்ஃப் அடிக்க வேண்டியதுதான், நாலு நாளைக்கு அது இயல்பு. ஆனால் ஒரே ராத்திரியில் காலியாகிறது என்றால் பம்ப் வால்வையும் ஹோஸையும் பாருங்கள். 2023 பிப்ரவரியிலிருந்து 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வர ஆரம்பித்துவிட்டது. அதற்கு முன் காலத்து ரப்பர் எத்தனாலில் உப்பும், பிறகு விரிசல் விடும். பழைய ஹோஸ் என்றால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். டீசல் ஒழுகினால் தரை கெடும், பெட்ரோல் ஒழுகினால் வண்டியே எரியும்.

டிசம்பர் 8

இதை எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் எழுதித்தான் ஆக வேண்டும். என் வண்டிக்கு அது திரும்பி வந்துவிட்டது.

நேற்று வால்பாறை போனோம். ஆழியாறு தாண்டி 40 ஹேர்பின் வளைவு. பாதி வளைவுக்கு மேல் ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை, ஒரு விக்கல், அப்புறம் இழுத்தது. பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா "2022லும் இப்படித்தான் விக்குச்சு" என்றார். எனக்கு அது நினைவே இல்லை. மேலே சொந்தக்காரர் வீட்டில் ராத்திரி வண்டியின் மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்தினேன். காலையில் ஐந்து செல்ஃப். மறுபடி நிறுத்தியபோது மூக்கை இறக்கத்தைப் பார்க்கத் திருப்பி வைத்தேன், ஐந்து மணி நேரம் கழித்தும் ஒரே செல்ஃப். டேங்க் பின்னால் இருப்பதால், மூக்கு உயர்ந்து நின்றால் டீசல் அதற்கே இறங்கிவிடும்.

அப்பா எப்போதும் இறக்கத்தில்தான் நிறுத்துவார். பேட்டரி இறங்கினால் தள்ளி எடுக்க என்று நினைத்திருந்தேன்.

டிசம்பர் 11

கேனைக் கட்டிச் சோதித்தேன். ஒரே செல்ஃப், எங்கேயும் ஈரமில்லை. ஆகவே ஃபில்டர் நல்லது, கோளாறு டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில். ஆனால் அங்கேதான் 2022இல் ஹோஸ் மாற்றினேன். அது இன்னும் நன்றாகவே இருக்கிறது. எல்லா ஜாயின்ட்டிலும் கிரீஸை அப்பிப் பார்த்தேன், கிணற்றுப் பைப் ஜாயின்ட்டில் சாணி அப்புகிற அதே உபாயம்தான். கிரீஸ் ஓட்டையை அடைத்தால் மறுநாள் வித்தியாசம் தெரியும். தெரியவில்லை. உள்ளே ஓடுவது தெரிகிற கண்ணாடி ஹோஸ் ஒரு துண்டு நடுவில் போட்டேன், கடுகு கடுகாகக் குமிழி ஓடுகிறது. காற்று எங்கிருந்து வருகிறது என்றுதான் புரியவில்லை.

(கண்ணாடி ஹோஸை அப்படியே விட்டுவிடாதீர்கள். சில வாரத்தில் டீசலில் இறுகிப் பிளந்துவிடும்.)

டிசம்பர் 12

காரைக்குடித் தம்பி ஒரே வரி எழுதியிருக்கிறார்: "அண்ணா, ஸ்ட்ராவில் ஓட்டை இளநீருக்குள்ளே இருக்கிற பாகத்தில் இருந்தால்?"

மூன்று தடவை படித்தேன். இளநீர் நிறைய இருக்கும்வரை ஓட்டை முங்கியிருக்கும், ஸ்ட்ரா நன்றாக இழுக்கும். அளவு ஓட்டைக்குக் கீழே இறங்கியதும் காற்று வாங்கும்.

உடனே டைரியை எடுத்தேன். 2022இல் ஹோஸ் மாற்றிய அன்றே டேங்கை முழுசாக நிரப்பியிருக்கிறேன். அதற்கப்புறம் பாதிக்குக் கீழே விடுகிற வழக்கமே இல்லை, போன மாதம் வரை. வால்பாறைக்குக் காலே அரைக்கால் டேங்கோடு போனேன். நவம்பர் 12 அன்று "ஹோஸை மாற்றினேன், சரியாகிவிட்டது" என்று நான் எழுதியது தவறு. அந்த ஹோஸில் வெடிப்பு இருந்தது உண்மை. ஆனால் குணம் தெரிந்தது நிரம்பிய டேங்கால். இரண்டு வருஷம் அதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

டிசம்பர் 15

டேங்கை இறக்கினேன். இது வண்டியோடு வந்த டேங்க் இல்லை, அப்பா காலத்தில் ஒரு பட்டறையில் தகடு மடக்கிச் செய்தது. உறிஞ்சு குழாய் மேலிருந்து உள்ளே இறங்குகிறது. கழற்றி எடுத்தேன். மேல் முனையிலிருந்து நாலு விரல் கீழே, துரு பூத்த ஒரு திட்டு. கண்ணுக்கு ஓட்டை தெரியவில்லை. அடி முனையைக் கட்டை விரலால் அடைத்து, வாளித் தண்ணீரில் முக்கி, மேல் முனையில் ஊதினேன். துருத் திட்டிலிருந்து ஊசி நுனி அளவு குமிழிகள், ஒன்றின் பின் ஒன்றாக, நூல் பிடித்த மாதிரி ஏறி வந்தன. பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் இன்னும் இரண்டு தடவை ஊதச் சொன்னான்.

டேங்கில் பற்றவைக்கிற வேலை இருப்பவர்களுக்கு: டீசல் டேங்க்தானே என்று நெருப்பு வைக்காதீர்கள். காலி டேங்கில் மிஞ்சுகிற ஆவி போதும், வெடிக்கும். நன்றாகக் கழுவித் தண்ணீர் நிரப்பி, வேலை செய்யும் இடம் மட்டும் காலியாக இருக்கும்படி வைத்து, பழகின ஆளிடம் கொடுங்கள். நான் குழாயை மட்டும் தனியாக எடுத்துப் போய்ப் புதுசு செய்து வாங்கினேன்.

2025 ஜனவரி 5

மூன்று வாரமாக வேண்டுமென்றே டேங்கைக் காலுக்கு மேல் நிரப்பவில்லை. மூக்கு மேட்டைப் பார்க்கத்தான் நிறுத்துகிறேன். மார்கழிக் குளிர், காலை ஐந்தேமுக்கால், ஹீட்டர் போட்டு ஒரே செல்ஃப். நேற்று மறுபடி வால்பாறை ஏறினோம், நாற்பது வளைவிலும் விக்கல் இல்லை. அம்மாவிடம் கேட்டேன், "இல்லை" என்றார்.

ஜனவரி 6

புதுக் குழாயின் நீளம் எவ்வளவு வைப்பது என்று சேலத்துக்காரர் கேட்கிறார். பழையதை அப்படியே அளக்காதீர்கள், அடி முனை துருவில் தேய்ந்திருக்கும். டேங்க் தரையிலிருந்து ஒரு விரல் அகலம் மேலே நிற்கட்டும், முனையைச் சாய்வாக வெட்டச் சொல்லுங்கள். அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீரும் துருவும் தங்கும், அதை இழுக்கக் கூடாது. டேங்க் எப்படியும் இறங்கியிருக்கிறதல்லவா, வடிகால் போல்ட்டையும் கழற்றி அந்தக் கசடை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்துப் பாருங்கள்.